மூன்று படிக்குப் பதினெட்டு அடி: வாசகர் கேள்வி பதில்

வீட்டுக்குள்ளும் வெளியிலும் சக்கர நாற்காலியோடு புழங்குவது பற்றி இந்த மாதம் வந்த கேள்விகள். பதில் எழுதுபவர் கட்டடப் பொறியாளர், சக்கர நாற்காலியில் இருப்பவர்.

கடையநல்லூர் வாசகர்: அப்பாவுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. அடுத்த மாதம் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். வாசலில் மூன்று படி. ஆறடிக்குச் சாய்வு போட்டால் போதும், பைக் ஏற்றுகிற மாதிரி ஏற்றிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சரிதானா?

சரியில்லை. சிமெண்ட் மூட்டை வந்து இறங்குவதற்குள் மேஸ்திரியைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

நம் ஊரில் ஒரு படி ஆறு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் மூன்று படிக்குப் பதினெட்டு அங்குலம். ஒரு அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பதுதான் கணக்கு, அதாவது 1:12. ஆக உங்களுக்கு வேண்டியது 18 அடி. ஆறடியில் முடித்தால் அது 1:4. அப்பாவும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்றால், 18 அடிச் சாய்வில் ஏழரைக் கிலோ அளவுக்குத் தள்ளினால் ஏறிவிடும், கையில் பலம் இருந்தால் அவரே சக்கரத்தைத் தள்ளி ஏறலாம். ஆறடிச் சாய்வில் அதுவே 22 கிலோ. அவரால் முடியாது, உங்கள் அம்மாவாலும் முடியாது, நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் அவர் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். அதைவிட மோசம், அவ்வளவு செங்குத்தில் முன்சக்கரம் தூக்கி நாற்காலி பின்பக்கமாக மல்லாந்துவிடும். பைக்குக்கு என்ஜின் இருக்கிறது, அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

வாசலில் 18 அடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நேராகத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோய், மூலையில் அஞ்சுக்கு அஞ்சு அடியில் ஒரு சமதளம் விட்டு, அங்கே திருப்பிக்கொள்ளலாம். கொல்லைப் பக்கக் கதவையும் ஒரு தடவை அளந்து பாருங்கள், பல வீடுகளில் பின்வாசல் உயரம் குறைவாகத்தான் இருக்கும். காம்பவுண்டு கேட்டிலிருந்தே முற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டு வந்தால் சாய்தளம் என்றே தெரியாது. எதற்கும் இடமில்லை என்றால் மேலும் கீழும் இறங்கி ஏறும் சின்ன பிளாட்பார்ம் லிஃப்ட் கிடைக்கிறது, செலவுதான், ஆனால் செங்குத்துச் சாய்வு போட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவதைவிட அது மேல்.

அப்புறம், எல்லோரும் மறந்துபோவது மேல் முனை. சாய்வு நேராகக் கதவில் போய் முட்டக் கூடாது. கதவுக்கு முன்னால் ஐந்தடிக்குச் சமதளம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கையால் பூட்டைத் திறக்கும்போது நாற்காலி பின்னால் உருளும், இன்னொரு கையால் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். அகலம் நாலடி. ஓரத்தில் சக்கரம் நழுவாமல் மூன்று, நாலு அங்குலத்துக்கு ஒரு விளிம்பு. இரண்டு பக்கமும் கைப்பிடி, ஒன்று 70 சென்டிமீட்டர் உயரத்தில், இன்னொன்று 90-ல். மேல்பூச்சை விளக்குமாற்றால் இழுத்துச் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். மேஸ்திரி பைக்குக்குப் போடுகிற ஆழமான கோடுகளைப் போட வந்தால் தடுத்துவிடுங்கள், முன்னால் இருக்கிற சின்னச் சக்கரம் ஒவ்வொரு கோட்டிலும் இறங்கி ஏறி, முதுகில் ஆபரேஷன் ஆனவருக்கு நரக வேதனையாகிவிடும். வழவழ டைல்ஸும் வேண்டாம், முதல் மழையிலேயே தெரிந்துவிடும்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, ஆய்க்குடி பக்கத்தில்தான். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அங்கே தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். கேட்டுக்கொண்டு மேஸ்திரியையும் கூட்டிப் போய் அங்கே உள்ள சாய்தளங்களைக் காட்டுங்கள். நான் எழுதுவதைப் படிப்பதைவிட ஒரு நாற்காலியைத் தானே தள்ளிப் பார்த்தால் அவருக்குச் சட்டென்று பிடிபடும்.

காரைக்குடி வாசகி: எங்கள் பழைய வீட்டில் நிலைப்படி மூன்று அங்குல உயரம். கணவரின் சக்கர நாற்காலி ஒவ்வொரு முறையும் முட்டி நிற்கிறது. அறுத்து எடுத்துவிடலாம் என்றால், நிலைவாசலில் கை வைக்கக் கூடாது என்று மாமியார் ஒரே பிடிவாதம்.

மாமியார் பக்கம்தான் நான். அறுக்க வேண்டாம். தேக்கிலோ மரைன் பிளைவுட்டிலோ ஆப்பு மாதிரி இரண்டு துண்டு செய்யச் சொல்லுங்கள், வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, ஒவ்வொன்றும் மூன்றடி நீளம், கதவு அகலத்துக்கு. அடியில் ரப்பர் ஒட்டினால் நகராது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கத்து ஆப்பு கதவைத் தடுக்கும், அதனால் அந்தத் துண்டை மட்டும் லேசாக, ஒரு கையால் இழுத்து வைக்கிற மாதிரி செய்யுங்கள். வெள்ளி, செவ்வாயில் மஞ்சள் பூசிக் கோலம் போட இரண்டையும் எடுத்துவிட்டு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வீட்டுக்குள் இருக்கிற மற்ற நிலைப்படிகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சமையலறை, படுக்கையறை, குளியலறை வாசல்களுக்கு மஞ்சள் குங்குமம் யாரும் வைப்பதில்லை. அவற்றை எடுத்துவிட்டுத் தரையோடு தரையாகப் பூசிவிடலாம். ஒரு சென்டிமீட்டருக்குமேல் நின்றால்கூட முன்சக்கரம் தட்டும்.

கோவை வாசகர்: அடுக்குமாடி வீட்டுக் குளியலறையை அம்மாவுக்காக மாற்ற வேண்டும். கதவு இரண்டரை அடி. பிளம்பர், டைல்ஸ் ஆள், கார்பெண்டர் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

மூன்று பேரையும் அனுப்பிவிட்டு முதலில் அம்மாவின் நாற்காலியை அளந்துகொள்ளுங்கள். மொத்த அகலம், சக்கரத்தின் வெளிவிளிம்போடு சேர்த்து. சாதாரண மடக்கு நாற்காலி 60 முதல் 65 சென்டிமீட்டர் இருக்கும். இரண்டரை அடிக் கதவு என்றால் 75 வருமே, தாராளமாகப் போகுமே என்று தோன்றும். சட்டத்தின் தடிமன், திறந்து நிற்கிற கதவின் தடிமன் இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 65 பக்கம்தான், அதிலும் சக்கரத்தைத் தள்ளும் விரல் முட்டிகள் இரண்டு பக்கமும் உரசும். கதவைக் கழற்றி வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாட்டுங்கள், முடிந்தால் சுவரோடு தள்ளுகிற கதவாகவே மாற்றிவிடுங்கள். இது வசதிக்கு மட்டும் சொல்வதில்லை. உள்ளே விழுந்தவர் கதவுக்கு முட்டுக்கொடுத்தாற்போலக் கிடந்தால், உள்பக்கம் திறக்கிற கதவை வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது.

அடுத்தது தரை. தண்ணீர் வெளியே வரக் கூடாது என்று குளியலறையை இரண்டு அங்குலம் தாழ்த்திக் கட்டுவது நம் வழக்கம். அந்த இரண்டு அங்குலத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வாசலிலேயே நீளமான சல்லடை மூடி போட்ட வடிகால் வைத்து, தரையை வெளித்தளத்தோடு சமமாக உயர்த்தி, லேசான வாட்டம் கொடுத்தால் தண்ணீர் அங்கேயே இறங்கிவிடும். டைல்ஸ் மேட் ஃபினிஷ், சின்ன அளவு.

டாய்லெட் உயரம் முக்கியம். கடையில் கிடைக்கிற வெஸ்டர்ன் கம்மோடு பெரும்பாலும் 40 சென்டிமீட்டர், நாற்காலி இருக்கையோ 48, 50 பக்கம். இறங்கும்போது சரிந்து விழுவார், ஏறும்போது மலை ஏறுகிற மாதிரி. 45 முதல் 48 வரை வருமாறு அடியில் மேடை கட்டுங்கள், அல்லது சுவரில் தொங்கும் வகையை அந்த உயரத்தில் பொருத்துங்கள். ஒரு பக்கம் சுவர், சுவரில் கைப்பிடிக் கம்பி. இன்னொரு பக்கம் நாற்காலி வந்து ஒட்டி நிற்க மூன்றடி காலியிடம், அங்கே மேலே மடக்கிவிடக்கூடிய கம்பி. ஆன்லைனில் விற்கிற, ரப்பர் உறிஞ்சியால் சுவரில் ஒட்டுகிற கைப்பிடியை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அதை நம்பி எடையைக் கொடுத்தால் கையோடு வந்துவிடும். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட், ஹாலோ பிளாக் என்றால் அந்த இடத்தை மட்டும் கான்கிரீட்டால் நிரப்பிவிட்டு அப்புறம் போல்ட்.

உள்ளே நாற்காலி முழு வட்டம் திரும்ப ஐந்தடி வேண்டும் என்பது விதி. அடுக்குமாடியில் அது கிடைப்பது அரிது. பரவாயில்லை. சக்கரம் வைத்த கம்மோடு நாற்காலி ஒன்று வாங்கினால், படுக்கையறையிலேயே அதில் மாறிக்கொண்டு அப்படியே பின்பக்கமாக டாய்லெட்டின் மேல் தள்ளி நிறுத்திவிடலாம், திரும்ப வேண்டியதே இல்லை, அதிலேயே குளித்தும் விடலாம். பல வீடுகளில் இதுவே போதும், சுவர் இடிக்க வேண்டி வராது. வாங்கும் முன் கம்மோடின் உயரத்தை அளந்து, நாற்காலி அதன்மேல் தட்டாமல் நுழையுமா என்று பாருங்கள்.

ஈரோடு வாசகர்: சொந்தமாகக் கல்யாண மண்டபம் நடத்துகிறேன். சாய்தளம் கட்டாயம் என்கிறார்களே, தனியார் இடத்துக்குமா? எங்களிடம் இரண்டு, மூன்று பையன்கள் எப்போதும் இருப்பார்கள், வருகிறவர்களை நாற்காலியோடு தூக்கிவிடுகிறோம்.

தனியார் இடத்துக்கும்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடம் என்பதை விளக்கும்போதே அரசோ தனியாரோ, பொதுமக்கள் புழங்குகிற எதுவும் என்கிறது. கடை, கோயில், மருத்துவமனை, பள்ளி எல்லாம் அதில் அடக்கம். விதிப்படி வரைபடம் இல்லாவிட்டால் புதுக் கட்டடத்துக்கு அனுமதியே தரக் கூடாது. பழைய கட்டடங்களை மாற்ற ஐந்து ஆண்டு தந்தார்கள். விதிகள் வந்தது 2017 ஜூனில், கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். இதெல்லாம் பரிந்துரைதானே என்று இத்தனை நாள் தட்டிக்கழிக்க முடிந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சௌகரியத்தையும் எடுத்துவிட்டது, வெறும் வழிகாட்டியாக வைத்திருந்த விதி சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயமான குறைந்தபட்ச அளவுகளை வகுக்கச் சொன்னது. சட்டத்தை மீறினால் முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அப்புறம் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை.

பையன்கள் தூக்குவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னையும் தூக்கியிருக்கிறார்கள். பட்டுவேட்டியில், நூறு பேர் பார்க்க, நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து, ஒருவன் வேகமாக, ஒருவன் மெதுவாக. விழாமல் மேலே போனால் சரி என்று கண்ணை மூடிக்கொள்வோம். அடுத்த கல்யாணத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மொய்யை மட்டும் அனுப்பிவிடுவோம். உங்கள் மண்டபத்துக்கு வராமல் போனவர்கள் கணக்கு உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மண்டபத்தில் பார்க்க வேண்டியவை நுழைவாயிலோடு முடிவதில்லை. வாகன நிறுத்தத்தில் வாசலுக்குப் பக்கத்தில் 3.6 மீட்டர் அகலத்தில் ஓர் இடம், காரிலிருந்து நாற்காலிக்கு மாற அந்த அகலம் வேண்டும். அலங்காரக்காரர் வைக்கிற பூ வளைவு எட்டடி வாசலை இரண்டரை அடியாக்கிவிடும், கீழே விரிக்கிற சிவப்புக் கம்பளம் மெத்தென்று இருந்தால் முன்சக்கரம் புதையும், வீடியோகாரரின் ஒயர் குறுக்கே ஓடும். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை, சொன்னால் போதும். பந்தியில் கிரானைட் மேசையும் அதோடு பதித்த ஸ்டூலும் இருந்தால் வரிசையின் கடைசியில் இரண்டு ஸ்டூலை எடுத்துவிடுங்கள், மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய 70 சென்டிமீட்டர் உயரம் இருக்கிறதா பாருங்கள். சாப்பாட்டுக் கூடம் மாடியிலோ கீழ்த்தளத்திலோ என்றால் லிஃப்ட் வேண்டும், வேறு வழி கிடையாது. மணமேடை மூன்றடி உயரம் என்றால் 36 அடிச் சாய்வு, அதை மண்டபத்துக்குள் வைக்க முடியாது. மணமகள் அறைப் பக்கமாகப் பின்னால் சுற்றிக் கொண்டுவர வழி இருக்கும், இல்லையென்றால் சின்ன பிளாட்பார்ம் லிஃப்ட். சக்கர நாற்காலியில் வருபவர் விருந்தாளியாகத்தான் இருப்பார் என்று ஏன் நினைக்கிறோம், மாப்பிள்ளையே வரலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே விளக்குமாறும் பினாயில் கேனும் அடுக்கி வைத்திருந்தால் அதை முதலில் காலி செய்யுங்கள்.

திண்டுக்கல் வாசகர்: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் வீல்சேரில் ஒருவர்கூட என் கடைக்கு வந்ததில்லை. யாருக்காகச் செலவு செய்ய?

வாசலில் எத்தனை படி?

சென்னை வாசகி: எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் இருக்கிறது, ஆனால் லிஃப்டுக்குப் போக ஐந்து படி. சங்கத்தில் சாய்தளம் கேட்டால் ஒருவருக்காக எல்லோர் பணத்தையும் செலவழிக்க முடியாது என்கிறார்கள்.

பழைய கட்டடங்களில் இந்த வேடிக்கை நிறைய. ஐந்து படிக்கு முப்பது அங்குலம், முப்பதடிச் சாய்வு, ஒன்பது மீட்டருக்கு ஒரு தடவை சமதளம் வேண்டும் என்பதால் நடுவில் ஒரே ஒரு திருப்பத்தோடு முடிந்துவிடும். கார் நிறுத்துகிற இடத்தில் சுவரோரமாகப் போகுமா என்று வரைந்து எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள், காகிதம் இல்லாமல் பேசினால் காற்றோடு போய்விடும். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் இந்த ஐந்து படியில் எப்படி இறங்குகிறது என்றும் கேளுங்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும், முழங்கால் வலி இல்லாதவர் கை தூக்கட்டும்.

தாம்பரம் வாசகர்: தாழ்தளப் பேருந்து விட்டிருக்கிறார்கள். நம்பிப் போகலாமா?

போகலாம். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய் வாதாடிய பிறகுதான் 2024 ஆகஸ்டில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் அவற்றை ஓட்டத் தொடங்கியது. நிறுத்தத்தில் பேருந்து ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கும், நடுக்கதவில் மடித்து வைத்திருக்கிற பலகையை நடத்துநர் விரிப்பார், உள்ளே நாற்காலிக்கு இடமும் பெல்ட்டும் உண்டு. சிக்கல் பேருந்தில் இல்லை, நிறுத்தத்தில். நடைபாதையை ஒட்டி நிறுத்தினால் பலகை கிட்டத்தட்டச் சமமாக விழும். அங்கே ஆட்டோக்கள் நின்றால் ஓட்டுநர் நடுரோட்டில் நிறுத்துவார், பலகை ரோட்டில் இறங்கிச் செங்குத்தாகிவிடும். முன்னாடியே கை காட்டி, ஓட்டுநர் கண்ணில் படுகிற இடத்தில் நில்லுங்கள். அவசரமில்லாத ஒரு மதியத்தில் முதல் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரி மாவட்ட வாசகி: மெரினாவில் மரப்பாதை போட்ட மாதிரி எங்கள் கடற்கரைக்கும் கேட்கலாமா?

கேளுங்கள். 2022 நவம்பரில் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்து கடல் பக்க முனையைப் பிய்த்தது, சரி பண்ணினார்கள். மனு எழுதும்போது பராமரிப்புக்கும் சேர்த்தே கேளுங்கள். மணல் ஏறி மூடினால் சக்கரம் புதையும், தினமும் கூட்ட ஆள் வேண்டும்.

மதுரை, கல்லூரி மாணவர்: வகுப்புத் தோழன் ஒருவன் சக்கர நாற்காலியில் வருகிறான். உதவ ஆசை, தப்பாகிவிடுமோ என்று தயக்கம்.

அவனிடமே கேள் தம்பி. வேண்டாம் என்றால் விட்டுவிடு, கோபித்துக்கொள்ளாதே. கேட்காமல் பின்னால் வந்து தள்ளுவது மட்டும் கூடாது, அவன் விரல் ஆரத்தில் சிக்கும். தூக்க வேண்டி வந்தால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதே, பல நாற்காலிகளில் அது கழன்று வரும், சட்டத்தைப் பிடி. செங்குத்தான சரிவில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்கு, நேராக இறக்கினால் அவன் முன்னால் சரிந்துவிடுவான். சின்ன மேட்டில் ஏற்ற, பின்னால் கீழே நீட்டிக்கொண்டிருக்கிற குழாயைக் காலால் அழுத்தினால் முன்சக்கரம் தானாகத் தூக்கும். அப்புறம், கான்டீனுக்குக் கூப்பிடும்போது மற்றவர்களைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடு. கான்டீன் வாசலில் படி இருந்தால் அதற்கான மனுவில் வகுப்பு மொத்தமும் கையெழுத்துப் போடுங்கள், அவன் மட்டும் போட்டால் அது முதல்வரின் மேசையிலேயே கிடக்கும்.

(அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் படியின் உயரம், கதவின் திறந்த அகலம், நாற்காலியின் மொத்த அகலம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். அங்குலமோ சென்டிமீட்டரோ, எது என்று குறிப்பிட மறக்காதீர்கள். போன மாதம் ஒருவர் கதவு 28 என்று மட்டும் எழுதியிருந்தார்.)